விசுவாசத்திற்கு மதிப்பெண்

கொடுப்பதற்கு ஒன்று இருந்து, கேட்பவர் பதின்மராகும்போது யாருக்குக் கொடுப்பது? அறநெறி நூலார் தொன்றுதொட்டு ஆராய்ந்து வரும் வினா இது. அவர்கள் எடுத்துக்கொண்ட சான்றுகள் பெரும்பாலும் கடுமையானவை: பஞ்ச காலத்து உணவு, கப்பல் உடைந்தபின் மிதக்கும் ஒரே பலகை, இரு நோயாளருக்கு நடுவே ஒரு மருந்து. இத்தகைய இடங்களில் அச்சமும் இரக்கமும் நம் அறிவை முந்திக்கொள்வதுண்டு. ஆகவே, உயிருக்கு ஊறு எதுவுமில்லாத, ஆயினும் பல்லாயிரவர் உள்ளம் உண்மையாகவே நோகிற ஒரு சிறு பங்கீட்டை எடுத்துக்கொண்டு நீதியின் இயல்பை நோக்குவது பயனுடையது என எண்ணுகிறோம். இங்கிலாந்து நாட்டுக் கால்பந்துக் கழகங்கள் தம் ஆட்டங்களுக்கான நுழைவுச்சீட்டுகளைப் பகிர்ந்தளிக்கும் முறையே நாம் கருதுவது. வாசகர் புன்னகைக்கலாம். புன்னகையோடே படிக்கலாம்.

முதலில் நெருக்கடியின் அளவை அறிந்துகொள்வோம். பிரீமியர் லீக் விதிப்படி, வெளியூரிலிருந்து ஆட வரும் கழகத்தின் ஆதரவாளர்க்கு 3,000 இருக்கைகள் ஒதுக்கப்பட வேண்டும். அரங்கு 30,000 பேருக்கும் குறைவாகக் கொள்வதாயின் அதில் பத்தில் ஒரு பங்கு போதும். தென்கடற்கரையில் உள்ள போர்ன்மத் கழகத்தின் அரங்கு, 2024-25 பருவத்தில், 11,000 பேருக்குச் சற்று மேல் கொள்வதாக இருந்தது. அங்கே ஆடச் சென்ற லிவர்பூல் கழகத்திற்கு உரிய பங்கு ஏறத்தாழ 1,100 இருக்கைகளே. லிவர்பூலின் சொந்த அரங்கான ஆன்ஃபீல்டோ 60,000 பேருக்கு மேல் கொள்வது. அதுவும் நிரம்பி வழிவது. வெளியூர் இருக்கையின் விலையும் 2016-17 பருவம் முதல் 30 பவுண்டுக்கு மேற்படலாகாது என வரம்பு செய்யப்பட்டுவிட்டது. ஆகவே விலை கூட்டிக் கூட்டத்தைக் குறைக்கும் வழி அங்கே அடைபட்டது. சீட்டை வெளியே கூடுதல் விலைக்கு விற்கவும் இயலாது. கழகத்தின் ஒப்புதலின்றிக் கால்பந்துச் சீட்டை மறுவிற்பனை செய்வது இங்கிலாந்திலும் வேல்சிலும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். கறுப்புச் சந்தை ஒழிந்ததா என்று கேட்க வேண்டா; சட்டம் இருக்கிறது.

எனவே கழகங்கள் கண்ட வழி, ஆதரவாளரின் விசுவாசத்தைக் கணக்கிடுவது. ஒருவர் இதுவரை எத்தனை ஆட்டங்களுக்குச் சீட்டு வாங்கினார் என்று பதிவு செய்து, ஒவ்வொன்றிற்கும் புள்ளிகள் வழங்குவர். சில கழகங்களில் புள்ளிகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். சிலவற்றில் கடந்த ஒன்றிரண்டு பருவங்கள் மட்டுமே கணக்கில் வரும். புள்ளி மிகுந்தவர்க்கு முதல் நாள் விற்பனை, அதற்கடுத்தவர்க்கு மறுநாள், இவ்வாறு படிப்படியாக இறங்கிவரும். 1,100 சீட்டுகள் மட்டுமே உள்ள ஆட்டத்தில் கீழ்ப்படிவரை இறங்குவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

இம்முறை வேரூன்றியதற்கு ஒரு துயர வரலாறும் காரணம். முன்னாளில் பெரும்பாலான இரசிகர் நின்றுகொண்டே ஆட்டம் பார்த்தனர். நிற்கும் மேடைகளுக்குப் பல ஆட்டங்களில் முன்பதிவு கிடையாது; வாயிலில் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். யார் முந்தி வரிசையில் நின்றாரோ அவருக்கு இடம். பின்னர் 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில், லிவர்பூலும் நாட்டிங்காம் ஃபாரஸ்டும் மோதிய கோப்பை அரையிறுதியின்போது, கம்பி வேலிகளுக்குப் பின்னே நெரிசலில் சிக்குண்டோர் மடிந்தனர். அந்நிகழ்வால் உயிர் நீத்தோராக இன்று 97 பேர் கணக்கிடப்படுகின்றனர். நீதியரசர் டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வெளிவந்தது. அதன் விளைவாக மேல்நிலைப் பிரிவுகளின் அரங்குகள் முழுவதும் இருக்கைகளாக மாறின. ஒரு காலத்தில் இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் நின்ற ஆன்ஃபீல்டின் 'கோப்' மேடை, 1994-க்குப் பின் சுமார் 12,000 இருக்கைகளாகச் சுருங்கிற்று. அது தேவையான மாற்றமே, அதில் ஐயமில்லை. ஆயினும் இடம் சுருங்கியது. 1992-இல் பிரீமியர் லீக் தோன்றியபின் தொலைக்காட்சியால் விருப்பமோ விரிந்தது. வாயில் வரிசை போய்ப் பதிவேடு வந்தது இவ்விரண்டிற்கும் நடுவில்தான்.

புள்ளி முறைக்கு வலுவான நியாயம் ஒன்று உண்டு. அதை நேர்மையாக எடுத்துரைப்பது நம் கடன். மான்செஸ்டர் சிட்டி கழகத்தை இன்று உலகமெங்கும் அறிவர். அக்கழகம் 1998-99 பருவத்தில் நாட்டின் மூன்றாம் நிலைப் பிரிவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போதும் அதன் பழைய அரங்கான மெய்ன் ரோட்டிற்குச் சராசரியாக 28,000-க்கும் மேற்பட்டோர் வந்தனர். 1999 மே 30 அன்று வெம்பிளியில், கில்லிங்காம் என்னும் சிறு கழகத்திடம் 2-0 எனத் தோற்றுக்கொண்டிருந்து, கடைசி நிமிடங்களில் இரு கோல் அடித்துச் சமன்செய்து, தண்ட உதைகளில் வென்று அது மேலேறியது. 2008-இல் அபுதாபியின் செல்வம் வந்தது. 2023 ஜூன் 10 அன்று இஸ்தான்புல் நகரில் அதே கழகம் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. இறுதியாட்டத்திற்குக் கழகத்தின் பங்காக வந்தவை சுமார் 20,000 சீட்டுகள். 1999-இல் மூன்றாம் பிரிவின் சிற்றூர் அரங்குகளில் மழையில் நனைந்தவரும், வெற்றிகளைக் கண்டு அண்மையில் வந்து சேர்ந்தவரும் ஒரே சீட்டைக் கேட்டால், இருவரும் சமம் என்று சொல்ல நம்மில் எவருக்கு நா எழும்? துன்பத்தில் உடனிருந்தவன் இன்பத்தில் முன்னிற்கட்டும் என்பதை நம் நெஞ்சமே ஒப்புகிறது.

மறைவல்லுநர் புனித தாமஸ் அக்குவினா பகிர்வு நீதியை ஆராயுமிடத்து இதனைத் தெளிவாக்குகிறார். பொதுவானதைப் பகிரும்போது, பெறப்படும் பொருளோடு பொருந்திய காரணத்தை நோக்கிக் கொடுப்பது நீதி. காரணத்தை விட்டு ஆளை நோக்கிக் கொடுப்பது ஓரவஞ்சனை. ஒரே தகுதி ஓரிடத்தில் பொருந்தும், மற்றோரிடத்தில் பொருந்தாது. இரத்த உறவு தந்தையின் சொத்துக்கு உரிமை தரும். திருச்சபையின் பதவிக்குத் தராது என்பது அவர் காட்டும் சான்று. இவ்வளவுகோலால் அளந்தால், விசுவாசம் என்னும் காரணம் மருத்துவமனைப் படுக்கையைப் பங்கிடப் பொருந்தாது. கால்பந்து அரங்கின் இருக்கையைப் பங்கிட நன்கு பொருந்தும். ஏனெனில் அவ்விருக்கை ஒரு கூட்டுறவில் அமரும் இடம். வெளியூர் மைதானத்தின் ஒரு மூலையில் நின்று தொண்டை கிழியப் பாடும் அந்த ஆயிரவர் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆகின்றனர். இதுவரை கழகங்களோடு நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை.

கழகம் எண்ணுவது விசுவாசத்தையா என்பதே நமக்குள்ள ஐயம். இச்சொல் கிறிஸ்தவச் செவிக்குப் புதிதன்று. ஞாயிறுதோறும் முன்வரிசையில் காணும் முகங்களை மட்டும் வைத்து ஒரு பங்கின் விசுவாசத்தை அளக்க முற்பட்டால் எத்துணைப் பிழைபடும் என்பதைப் பங்குப்பணியில் இருப்போர் அறிவர். படுக்கையில் கிடப்போரும், இரவுப்பணி முடிந்து உறங்குவோரும், கைக்குழந்தையோடு வாயிற்படியில் நிற்போரும் அக்கணக்கில் வாரார். கழகத்தின் கணினி எண்ணுவது சீட்டு வாங்கிய தடவைகளை. சீட்டு வாங்கப் பணம் வேண்டும். சனிக்கிழமையும் செவ்வாய் இரவும் ஓய்வு வேண்டும். நெடும்பயணம் செல்ல உடல்நலம் வேண்டும். மருத்துவமனைச் செவிலி ஒருத்தி சுழற்பணியால் இரண்டு பருவங்கள் வெளியூர் செல்ல இயலாது போயின், அவள் அன்பு குறைந்துவிட்டதாக எந்த அறிவுடையோரும் சொல்லார். புள்ளிக்கணக்கு சொல்லிவிடும். பிள்ளை பெற்ற தாயிடமும், வேலையிழந்த தொழிலாளியிடமும் அக்கணக்கு அவ்வாறே பேசும்.

இதனினும் ஆழமான கோணல் ஒன்றுண்டு. பிற இடங்களில் ஒருவன் உழைக்கிறான். அவ்வுழைப்பிற்காக வேறொன்றைப் பெறுகிறான். உழைப்பு ஒன்று, ஊதியம் மற்றொன்று. இங்கோ, ஆட்டத்தைப் பார்த்தது ஒருவன் அடைந்த இன்பம். அதுவே அவன் ஆற்றிய தொண்டாகவும் எழுதப்படுகிறது. விருந்துண்டவன், தான் உண்ட இலைகளை எண்ணிக் காட்டி அடுத்த விருந்திற்கும் முதலிடம் கேட்பதைப் போன்றதன்றோ இது? போர்ன்மத் போன்ற சிறிய அரங்குகளில் இக்கோணல் வெளிப்படையாகத் தெரியும். சீட்டுப் பெறப் புள்ளி வேண்டும். புள்ளி பெறச் சீட்டு வேண்டும். ஒருமுறை வட்டத்திற்குள் நுழைந்தவர் வெளியேறுவதில்லை. வெளியே நிற்பவர் எத்துணை ஏங்கினும் நுழைவதில்லை. லிவர்பூல் நகரில் வளரும் பதினெட்டு வயது இளைஞன் எத்தனை வெளியூர் ஆட்டங்களுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டான் என்பதற்குப் புள்ளி எதுவும் இல்லை. நாம் கேட்கிறோம்: விசுவாசத்தை உண்மையாகவே எண்ண விரும்புவோர் மறுப்புகளையும் அல்லவா எண்ண வேண்டும்?

மழையில் நனைந்த அந்த மனிதரை நாம் மறந்துவிடவில்லை. தோல்வி மேல் தோல்வி கண்டும், நள்ளிரவில் பேருந்தில் வீடு திரும்பியும், விடாது சென்றவரின் வருகை வெறும் விருந்துண்ணல் அன்று. அது விலை கொடுத்த அன்பு. ஆயின் அதே புள்ளி, வெற்றி பெறும் அணியைக் காண நல்ல வெயில்நாளில் சென்றவருக்கும் அவ்வாறே கிடைக்கிறது. யாரும் செல்ல விரும்பாத ஆட்டத்திற்குச் செல்வதும், எல்லாரும் செல்ல விரும்பும் ஆட்டத்திற்கு இடம்பிடிப்பதும் ஏட்டில் ஒரே எண். முன்னதற்கு மிகுதியாக அளித்துப் பின்னதற்கு எதுவும் அளிக்காதிருந்தால் கணக்கு உண்மையை நெருங்கும். விற்றுத்தீராத ஆட்டத்திற்குச் சென்றவரால் வேறெவரும் இடமிழக்கவில்லை. விற்றுத்தீர்ந்த ஆட்டத்திற்குச் சென்றவரோ ஒருவரின் இடத்தில் அமர்ந்தார். இவ்வேறுபாட்டை நாம் அற்பமாகக் கருதவில்லை.

எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கைக்காகவே வாழ்வோரும் தோன்றிவிடுவர். ஆட்டத்திற்குச் செல்லும் எண்ணமே இன்றிப் புள்ளிக்காகச் சீட்டு வாங்குவோர் உளர். தம் பெயரில் வாங்கிய சீட்டை நண்பரிடம் கொடுத்துவிட்டுப் புள்ளியை மட்டும் தம் கணக்கில் வைத்துக்கொள்வோர் உளர். இதனால் சில கழகங்கள் அரங்கின் வாயிலில் ஆளைச் சரிபார்த்தே சீட்டைக் கையில் தரும் ஏற்பாட்டையும் செய்தன. அன்பின் அடையாளமாகத் தொடங்கியது, கைமாறக்கூடாத ஒரு சொத்தாகி, காவலும் கேட்கிறது.

இவ்விடத்தில் நம் வாசகர் பலருக்குத் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் உவமை நினைவுக்கு வரும். காலைமுதல் உழைத்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி. ஆகவே பழைய இரசிகர் முணுமுணுக்கலாகாது எனச் சிலர் முடிவு கட்டக்கூடும். அம்முடிவை நாம் ஏற்கவில்லை. உவமையில் கடைசியாக வந்தவன் பெற்ற தெனாரியம் முதலில் வந்தவனிடமிருந்து பறிக்கப்பட்டதன்று; தோட்ட உரிமையாளர் தம்முடையதிலிருந்து கொடுத்தார். வள்ளன்மைக்கு அங்கே இடமிருந்தது. அரங்கிலோ இருக்கைகள் எண்ணப்பட்டவை. ஒருவருக்குக் காட்டும் வள்ளன்மை மற்றொருவரின் இழப்பு. இறையாட்சியின் நிறைவைச் சொல்ல வந்த உவமையை, 1,100 இருக்கைகளின் பற்றாக்குறைக்குத் தீர்ப்பாக்குவது முறையன்று.

புனித அகுஸ்தினார் காட்டும் வழி இங்கே கூடுதல் துணைசெய்யும். இருவருக்குக் கொடுக்க இயலாத ஒன்று நம்மிடம் மிகுந்திருந்து, தேவையிலும் நம்மோடுள்ள உறவிலும் ஒருவரையொருவர் விஞ்சாத இருவர் எதிர்ப்பட்டால், சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதைவிட நேர்மையான வழியில்லை என அவர் 'கிறிஸ்தவக் கோட்பாடு' என்னும் நூலின் முதற்பகுதியில் கருதுகிறார். திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரமும் இதற்கு ஒத்தது. யூதாசின் இடத்திற்கு ஒருவரைத் தேர்ந்தபோது, யோவானின் திருமுழுக்குக் காலம்தொட்டு ஆண்டவர் விண்ணேற்றமடைந்த நாள்வரை உடனிருந்தவராக இருக்கவேண்டும் என்று முதலில் வரையறுத்தனர். உடனிருத்தல் என்னும் தகுதி அங்கே கேட்கப்பட்டது. ஆனால் யோசேப்பு, மத்தியா என இருவர் அத்தகுதியோடு நின்றபோது, யார் கூடுதல் நாள் உடனிருந்தார் என்று எவரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. இறைவேண்டல் செய்து சீட்டுக் குலுக்கினர்.

உடனிருத்தல் ஒரு வாயிற்படியாக இருந்தது, ஏணியாக இல்லை. இவ்வேறுபாட்டையே நாம் வலியுறுத்த விழைகிறோம். நம் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வயது, நிலம், கல்வி ஆகிய தகுதிகளை முதலில் வகுத்து, அவை உடையோரின் பெயர்களைக் குடத்திலிட்டு ஓலை எடுக்கச் சொல்கிறது. அதோடு, கடந்த மூன்றாண்டுகளில் வாரியப் பொறுப்பில் இருந்தவரை அது விலக்கிவைக்கிறது. முன்பு பெற்றிருந்தது மீண்டும் பெறத் தடையாயிற்று. புள்ளி முறையோ அதற்கு நேர்மாறு. பதவியும் பொழுதுபோக்கும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஒரே நிகழ்ச்சியை இரு பங்கீடுகள் இருவேறு விதமாகப் பொருள்கொள்வது சிந்திக்கத்தக்கது.

குலுக்கலுக்கும் குறையுண்டு. அதற்கு நினைவு கிடையாது. முந்நூறு வெளியூர் ஆட்டங்கள் சென்றவரையும், சென்ற மாதம் உறுப்பினரானவரையும் ஒரே குடத்திலிட்டால் முன்னவர் இழிவுபட்டதாக உணர்வார். அவ்வுணர்வில் நியாயமும் உண்டு. ஒருவரே பல பெயர்களில் உறுப்பினராகிக் குலுக்கலில் பங்குபெற முயல்வதும் நேரும். ஆகவே முழுவதும் குலுக்கலாக்குக என நாம் சொல்லவில்லை. எட்டக்கூடிய ஒரு வாயிற்படி வேண்டும். விற்றுத்தீராத சில ஆட்டங்களுக்குச் சென்றிருத்தல், சில ஆண்டுகள் உறுப்பினராக நீடித்திருத்தல், பலமுறை விண்ணப்பித்து மறுக்கப்பட்டிருத்தல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றால் அதைக் கடக்கலாம். கடந்தபின் பெயரைக் குடத்திலிடலாம். நெடுங்காலம் உடன்வந்த முதியோருக்குத் தனியே ஒரு பங்கை ஒதுக்கினும் தவறில்லை.

இன்னொன்றையும் சொல்லாது விடலாகாது. ஆதரவாளர் தமக்குள் புள்ளிகளை எண்ணிப் பூசலிடும்போது, எண்ணிக்கைக்கே வராத இருக்கைகள் சத்தமின்றி வேறிடம் போய்விடுகின்றன. 2022 மே மாதம் பாரிசில் லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் மோதிய இறுதியாட்ட அரங்கு ஏறத்தாழ 75,000 பேருக்கு உரியது. இரு கழகங்களுக்கும் தலைக்குச் சுமார் 20,000 சீட்டுகள் போயின. பொதுமக்களுக்கென விற்ற ஒரு பகுதி நீங்கலாக, எஞ்சியவை விளம்பர நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் உரியோருக்குமாகப் பிரிந்தன. ஐம்பது ஆண்டு விசுவாசிகள் இருவர் ஒரே சீட்டிற்கு ஒருவரையொருவர் பகைத்தபோது, ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் விருந்தினர் புள்ளி எதுவுமின்றி உள்ளே அமர்ந்திருந்தார். 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் கழகம் எஞ்சிய உறுப்பினர் சீட்டுகளின் விலையைச் சிறுவர், முதியோர் சலுகையும் இன்றி 66 பவுண்டு ஆக்கிற்று. அத்தகைய விலையில், விசுவாசத்திற்கு முன்னே பணப்பை சோதிக்கப்படுகிறது. புள்ளி முறை நேர்மையானதா என்று கேட்குமுன், பங்கிடக் கொடுக்கப்பட்ட அப்பம் எவ்வளவு, அதை யார் முதலில் வெட்டினார் என்று கேட்பது அறிவுடைமை.

ஆதரவாளர் ஒன்றுபட்டுப் பேசும்போது கேட்கப்படுவதும் உண்டு. 2016 பிப்ரவரி 6 அன்று, 77 பவுண்டுச் சீட்டு அறிவிப்பை எதிர்த்து, ஆன்ஃபீல்டில் ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியேறினர். சில நாள்களில் கழகத்தின் உரிமையாளர் அறிவிப்பைத் திரும்பப் பெற்றனர். அன்று வெளியேறியவருள் புள்ளி மிகுந்தவர் யார், குறைந்தவர் யார் என எவரும் பார்க்கவில்லை. 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டம், தன்னாட்சி உடைய ஒழுங்காணையம் ஒன்றை நிறுவி, சீட்டு விலை உள்ளிட்டவற்றில் ஆதரவாளரைக் கலந்துகொள்ளுமாறு கழகங்களைப் பணிக்கிறது. விலையைப் பற்றிப் பேச அமரும் அம்மேசையிலேயே பங்கீட்டையும் பேசலாம். போர்ன்மத்தின் 1,100 சீட்டுகளில் குடத்திற்கு நூறு போதுமா, முந்நூறு வேண்டுமா என்பதை, வட்டத்திற்கு உள்ளே இருப்போர் மட்டும் கூடி முடிவுசெய்தால் நூறுகூட வராது. இதுவரை ஒருமுறையும் சீட்டுக் கிடைக்காத சிலருக்கும் அம்மேசையில் நாற்காலி போட வேண்டும்.